முழுங்கியது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு? (பயோஅவைலபிலிட்டி என்ற சொல்லின் கதை)

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் காலையில் இறங்கி ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற கூட்டத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும் இரண்டு தொகை சொல்வார்கள். ஒன்று, வேலைக்குச் சேரும்போது ஆர்டரில் போட்டுக் கொடுத்த சி.டி.சி. இன்னொன்று, மாதம் பிறந்ததும் பேங்க் மெசேஜில் வருகிற தொகை. நடுவில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன், லீவு போட்ட நாள் என்று ஏகப்பட்ட பிடித்தம். குடும்பம் நடப்பது இரண்டாவது தொகையில்தான்.

மாத்திரைக்கும் இதே கணக்கு உண்டு. அட்டையில் 450 மி.கி. என்று அச்சடித்திருப்பது சி.டி.சி. கடைசியில் இரத்தத்தில் போய்ச் சேருவது கைக்கு வரும் சம்பளம். முதல் தொகையில் எத்தனை சதவீதம் இரண்டாவது தொகையாக வருகிறது, அது எவ்வளவு சீக்கிரம் வருகிறது, இந்த இரண்டையும் சேர்த்து மருந்தியலில் வைத்த பெயர்தான் பயோஅவைலபிலிட்டி. நரம்பில் நேராக ஊசி போட்டால் நூற்றுக்கு நூறு. வாய் வழியாகக் கொடுத்தால் எது எவ்வளவு என்பது மருந்துக்கு மருந்து மாறும். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரையில் ஒரு சதவீதம்கூட உடம்பில் ஏறுவதில்லை. அந்த ஒரு சதவீதத்துக்கும் குறைவான அளவுதான் வேலை செய்கிறது. இன்சுலினை மாத்திரையாகக் கொடுத்தால் வயிறு அதைச் சாப்பாட்டுப் புரதம் போலவே ஜீரணித்துவிடும். அதனால்தான் சர்க்கரை நோயாளிகள் இன்னும் ஊசி குத்திக்கொள்கிறார்கள்.

தமிழில் இதை உயிரியல் கிடைப்புத்திறன் என்றும் உயிர்க்கிடைப்பு என்றும் எழுதலாம். இரண்டாவதைப் படித்தால் ஏதோ போன உயிர் திரும்பக் கிடைத்த மாதிரி இருக்கிறது :-) எனவே இந்தக் கட்டுரை முழுக்க பயோஅவைலபிலிட்டியே இருக்கட்டும்.

முழுங்கிய மாத்திரை போகும் வழியைக் கொஞ்சம் பார்த்துவிட்டால் மற்றது சுலபம். முதலில் அது உடைய வேண்டும். உடைந்த தூள் கரைய வேண்டும். கரைந்தது குடலின் சுவரைத் தாண்ட வேண்டும். தாண்டியதும் நேராக உடம்பு முழுக்கப் போய்விட முடியாது. குடலில் இருந்து வரும் இரத்தம் முழுவதும் ஒரு பெரிய நாளத்தின் வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். தென்மாவட்டங்களில் இருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் சென்னைக்கு வரும் வண்டி எதுவானாலும் பரனூர் டோல்கேட்டில் நின்றாக வேண்டியது போல. கல்லீரல் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை விடும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ப்ராப்ரனலால் போன்ற மருந்துகளில் முக்கால் பங்கு வரை இந்த ஒரு இடத்திலேயே காலி. நெஞ்சுவலி வந்தவருக்கு சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது இதனால்தான். வாயில் இருக்கும் நாளங்கள் வழியே போனால் டோல்கேட் இல்லாத குறுக்குவழி.

இவ்வளவு சங்கதி இருந்தும் ரொம்ப நாள் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை என்பதுதான் ஆச்சரியம். மாத்திரையில் சொன்ன அளவு மருந்து இருக்கிறதா என்று லேபில் பார்ப்பார்கள். இருந்தால் சரி. உள்ளே போனபின் என்ன ஆகிறது என்பது நோயாளியின் பாடு.

இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டது மருந்துக்காரர்கள்கூட இல்லை, வைட்டமின்காரர்கள். 1945-ல் அமெரிக்காவில் பெர்னார்ட் ஓசர், டேனியல் மெல்னிக், மெல்வின் ஹாக்பெர்க் என்ற மூவர் வைட்டமின் மாத்திரைகளைப் பற்றி ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். மாத்திரையில் வைட்டமின் இருப்பது வேறு, அது உடலுக்குக் கிடைப்பது வேறு என்பது அவர்கள் வாதம். கிடைத்ததா என்று கண்டுபிடிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட வழி ரொம்ப சாதாரணமானது. சாப்பிட்டவரின் சிறுநீரைப் பிடித்து அதில் எவ்வளவு வைட்டமின் வெளியே வருகிறது என்று அளந்தார்கள். உள்ளே ஏறாதது சிறுநீரில் வராது இல்லையா? அவர்கள் இதற்கு வைத்த பெயர் 'பிசியாலஜிக்கல் அவைலபிலிட்டி'. சொல்லின் பின்பாதி அன்றைக்கே வந்துவிட்டது.

1953-ல் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ் ஹார்ட்முட் டோஸ்ட் என்ற குழந்தை மருத்துவர் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்குவதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். பார்மகோகைனடிக்ஸ் என்ற சொல் முதலில் வந்தது அதில்தான். மாத்திரை போட்டபின் மணிக்கு மணி இரத்தம் எடுத்து, அளவைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் ஒரு மலை மாதிரி வரும். அந்த மலைக்குக் கீழே இருக்கும் பரப்பளவுதான் மொத்தம் எவ்வளவு மருந்து கிடைத்தது என்பதன் அளவு. மலையின் உச்சி எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு என்பது வேகத்தைச் சொல்லும். இன்றுவரை உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் முறை இது.

அறுபதுகளில் 'பயாலஜிக்கல் அவைலபிலிட்டி' என்று எழுத ஆரம்பித்தார்கள். அறுபதுகளின் கடைசியில் இருந்து எழுபதுகளின் தொடக்கத்துக்குள் அது சுருங்கி ஒட்டி பயோஅவைலபிலிட்டி ஆகிவிட்டது. சொல் சுருங்குவது சாதாரண விஷயம். ஆனால் திடீரென்று எல்லோருக்கும் அந்தச் சொல் தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது.

1968-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் வலிப்பு நோயாளிகள் பலருக்கு ஒரே மாதிரி தொந்தரவு. தள்ளாட்டம், பார்வை மங்கல், பேச்சுக் குழறல். எல்லாம் ஃபெனிடாய்ன் என்ற மருந்து அதிகமானால் வரும் அறிகுறிகள். ஆனால் யாரும் அதிகம் சாப்பிடவில்லை. வழக்கமான 100 மி.கி. கேப்சூல்தான், அதே எண்ணிக்கைதான். தோண்டிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. கேப்சூலை நிரப்புவதற்காகச் சேர்க்கும் வெற்றுப்பொடியை மட்டும் கம்பெனி மாற்றியிருந்தது. முன்பு கால்சியம் சல்ஃபேட், இப்போது லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. பழைய பொடி மருந்தில் ஒரு பங்கை உள்ளே ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்திருக்கிறது. டாக்டர்கள் அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான், தெரியாமலே, ஆளுக்குத் தக்கபடி அளவைச் சரிசெய்து வைத்திருந்தார்கள். பொடி மாறியதும் மருந்து முழுசாக ஏறியது. லேபிளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. 1970-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளிவந்தது.

அடுத்த வருடம் இன்னொரு இடி. ஜான் லிண்டன்பாம் என்ற அமெரிக்க டாக்டரும் அவர் குழுவும் இதய நோய்க்குக் கொடுக்கும் டிகாக்ஸின் மாத்திரையை எடுத்துக்கொண்டார்கள். கடையில் விற்கும் மாத்திரைகளில் நான்கு தயாரிப்புகள், எல்லாவற்றிலும் ஒரே அளவு மருந்து. ஆரோக்கியமான சிலருக்குக் கொடுத்து இரத்தத்தைப் பார்த்தால், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஏழு மடங்கு வரை வித்தியாசம். ஒரே கம்பெனியின் இரண்டு பேட்ச்சுகளுக்குள்ளேயே வித்தியாசம் இருந்தது. டிகாக்ஸினில் வேலை செய்யும் அளவுக்கும் ஆளைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. ஏழு மடங்கு என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. 1971-ல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் தலைப்பில் 'பயலாஜிக் அவைலபிலிட்டி' என்று இரண்டு சொல்லாகத்தான் இருக்கிறது. ஒட்டுவதற்கு முந்தைய நிலை!

1974-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒரு நிபுணர் குழு இதை ஆராய்ந்தது. 1977-ல் எஃப்.டி.ஏ. விதிகளாகவே கொண்டுவந்தது. 1984-ல் வந்த ஹாட்ச்-வாக்ஸ்மன் சட்டம்தான் காமர்ஸ் மாணவர்களுக்கு முக்கியம். பேட்டன்ட் முடிந்த மருந்தை வேறு கம்பெனி செய்ய விரும்பினால், ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து எல்லா ஆராய்ச்சியையும் மறுபடி செய்ய வேண்டாம். ஒரிஜினல் மாத்திரையும் புதிய மாத்திரையும் இரத்தத்தில் ஒரே மாதிரி மலையை வரைகின்றன என்று காட்டினால் போதும். வழக்கமாகச் சில டஜன் ஆரோக்கியமான ஆட்கள், சில வாரங்கள். செலவு எங்கேயோ இறங்கிவிட்டது. 1970-ன் பேட்டன்ட் சட்டத்தால் மருந்து தயாரிக்கும் முறைகளில் கைதேர்ந்திருந்த இந்தியக் கம்பெனிகள் அமெரிக்கச் சந்தையில் நுழைந்த வாசல் இதுதான். ஒரு மருந்தியல் சொல் ஏற்றுமதிக் கணக்கில் வந்து உட்கார்ந்தது இப்படி.

இங்கே ஒரு தவறான பேச்சைச் சொல்லியாக வேண்டும். "ஜெனரிக் மாத்திரையில் 20 சதவீதம் மருந்து குறைவாக இருந்தாலும் பாஸ் பண்ணிவிடுவார்கள்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். விதியில் 80 முதல் 125 சதவீதம் வரை என்று இருப்பது உண்மை. ஆனால் அது மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவும் அல்ல, சராசரிக்கு மட்டும் போட்ட எல்லையும் அல்ல. இரண்டு மாத்திரைகளின் இரத்த அளவு விகிதத்துக்கு 90 சதவீத நம்பக இடைவெளி போட்டு, அந்த இடைவெளியின் கீழ்முனையும் மேல்முனையும் இந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். பி.காம். இரண்டாம் வருடத்தில் புள்ளியியல் படித்தவர்களுக்குப் புரியும், சராசரியே 82-ல் இருந்தால் கீழ்முனை வெளியே போய்விடும், ஃபெயில். ஏன் 120 இல்லாமல் 125? லாகரிதம் எடுத்துக் கணக்குப் போடுவதால். ஒன்றை 0.8-ஆல் வகுத்தால் 1.25.

சரி, நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். இந்தச் சொல்லுக்கு இங்கே இருக்கும் கதை டிகாக்ஸினில் இல்லை. காசநோயில் இருக்கிறது.

சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து பீச் போகும் லோக்கல் ரயிலில், தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் பெயரே சானடோரியம். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து ஆரம்பித்த காசநோய் ஆஸ்பத்திரியால் வந்த பெயர். அந்தக் காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை, அவ்வளவுதான். அதே ரயிலில் இன்னும் கொஞ்சம் போனால் சேத்துப்பட்டு. 1956-ல் அங்கே ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து ஒரு காசநோய் மருந்து ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கின. முதலில் பொறுப்பேற்று வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர். 1959-ல் வெளிவந்த அதன் முதல் ஆய்வு உலகத்தையே திருப்பிப் போட்டது. நெரிசலான வீட்டில், சத்தில்லாத சாப்பாட்டோடு இருந்தாலும், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் சானடோரியத்தில் படுத்திருப்பவருக்குச் சமமாகக் குணமாகிறது என்று காட்டினார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. தாம்பரத்தில் பெயர் மட்டும் ஸ்டேஷனில் நிற்கிறது. (ஆஸ்பத்திரி இன்றும் நெஞ்சக நோய் மருத்துவமனையாக நடக்கிறது.)

எல்லாரும் சொல்வது இந்த ஆய்வைத்தான். அதற்கு அடுத்து அங்கே நடந்த வேலைதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது. வீட்டில் வைத்து வைத்தியம் என்றால் நோயாளி மாத்திரை சாப்பிட்டாரா, தூக்கிப் போட்டாரா என்று எப்படித் தெரியும்? எதிர்பாராத நேரத்தில் வீட்டுக்கே போய் சிறுநீர் வாங்கிப் பரிசோதித்தார்கள். ஓசர் அமெரிக்காவில் வைட்டமினுக்குச் செய்த அதே வேலை, வேறு காரணத்துக்காக. அதோடு நிற்கவில்லை. ஐசோனியாசிட் மருந்தை ஒரு நாளைக்குரிய அளவை ஒரே வேளையாகக் கொடுப்பது நல்லதா, இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது நல்லதா என்று ஒப்பிட்டார்கள். அன்றைய பொதுவான நம்பிக்கை, மருந்து நாள் முழுக்க இரத்தத்தில் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது. சேத்துப்பட்டில் கிடைத்த விடை நேர்மாறு. ஒரே வேளையாகக் கொடுத்தவர்களுக்குத்தான் பலன் கூடுதல். மலையின் அகலத்தைவிட உச்சி முக்கியம் என்று பொருள். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் மருந்தைக் கண்ணெதிரில் விழுங்க வைக்கும் முறை பிறகு பிறந்தது இந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான்.

இன்னொன்றும் பார்த்தார்கள். ஐசோனியாசிடை எல்லோர் கல்லீரலும் ஒரே வேகத்தில் அழிப்பதில்லை. சிலருக்கு வேகம், சிலருக்கு மெதுவு. இது பிறவியிலேயே வருவது. தென்னிந்திய நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவான வகை என்று தெரிந்தது. ஒரே சி.டி.சி., ஆனால் ஆளுக்கு ஆள் வேறு பிடித்தம். பயோஅவைலபிலிட்டி என்ற சொல் பரவும் முன்பே சேத்துப்பட்டில் அதன் அக்கம்பக்கத்துக் கேள்விகளை எல்லாம் கேட்டுவிட்டார்கள் என்பதைச் சும்மா பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்று அளந்த எண்கள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன.

பிறகு வந்தது ரிஃபாம்பிசின். காசநோய் வைத்தியத்தை ஒன்றரை வருடத்தில் இருந்து ஆறு மாதமாகக் குறைக்க உதவிய மருந்து. இதன் கதையே வாய் வழியாக ஏறுமா ஏறாதா என்பதுதான். 1957-ல் பிரான்ஸ் நாட்டுக் கடற்கரைப் பக்கம் ஒரு பைன் காட்டு மண்ணில் இருந்து இத்தாலியின் லெபெடிட் கம்பெனிக்காரர்கள் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தார்கள். அப்போது ஓடிக்கொண்டிருந்த 'ரிஃபிஃபி' என்ற பிரெஞ்சுத் திருட்டுப் படத்தின் பெயரை வைத்து, அதில் இருந்து வந்த மருந்துக்கு ரிஃபாமைசின் என்று பெயர் சூட்டினார்கள். (விஞ்ஞானிகளும் படம் பார்ப்பார்கள்!) கிருமியை நன்றாகக் கொன்றது. ஆனால் முழுங்கினால் ஏறவில்லை, ஊசிதான் போட வேண்டும். ஆறு மாதம் தினமும் ஊசி என்றால் ஏழை நாடுகளில் நடக்கிற காரியமா? பியரோ சென்சியும் கூட இருந்தவர்களும் மூலக்கூறை மாற்றி மாற்றிச் செய்து பார்த்து, 1965 வாக்கில் குடலில் ஏறக்கூடிய ஒன்றைப் பிடித்தார்கள். அதுதான் ரிஃபாம்பிசின். சாப்பிட்டவருக்குச் சிறுநீர் ஆரஞ்சு சிவப்பாகப் போகும். பயப்படாதீர்கள் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லிவிடுவார். மருந்து உடம்பில் ஏறியதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டாம்.

ஆனால் எவ்வளவு ஏறியது என்பதை நிறம் சொல்லாது. அங்கேதான் சிக்கல் வந்தது.

காசநோய்க்கு ஒரே நேரத்தில் மூன்று நான்கு மருந்து வேண்டும். தனித்தனியாகக் கொடுத்தால் நோயாளி ஒன்றைச் சாப்பிட்டு இன்னொன்றை விட்டுவிடுவார். கிருமி அந்த ஒன்றுக்குப் பழகிவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒரே மாத்திரையில் அடைப்பது நல்ல யோசனையாகத் தெரிந்தது. ஆனால் அப்படி அடைத்த சில தயாரிப்புகளில் ரிஃபாம்பிசின் மட்டும் இரத்தத்தில் சரியாக ஏறவில்லை. ரிஃபாம்பிசின் படிகங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு. எந்த வடிவம், துகள் எவ்வளவு பொடி என்பதைப் பொறுத்துக் கரையும் வேகம் மாறும். இன்னொரு காரணம் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. வயிற்று அமிலத்தில் ரிஃபாம்பிசின் கொஞ்சம் சிதையும். அப்படிச் சிதைந்தது பக்கத்தில் இருக்கும் ஐசோனியாசிடோடு சேர்ந்து வேறொரு பொருளாகிவிடும், சிதைவும் வேகமாகும். அகமதாபாத்திலும் மொகாலியில் உள்ள நைப்பர் நிறுவனத்திலும் தொண்ணூறுகளின் கடைசியில் இருந்து இந்திய விஞ்ஞானிகள் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். கூட்டாளிகளை ஒரே ரூமில் போட்டதும் அடித்துக்கொண்ட கதை.

இதில் பயம் என்னவென்றால், அட்டையில் சரியான அளவு இருக்கும், லேப் சோதனையிலும் பாஸாகும், நோயாளி ஒரு நாள் விடாமல் சாப்பிடுவார், சிறுநீர்கூடச் சிவக்கும். உள்ளே மட்டும் அளவு பத்தாது. கிருமி சாகாமல், மருந்துக்குப் பழகி, அடுத்தவருக்குப் பரவும். பழி நோயாளி மேல்தான் விழும், "ஒழுங்கா மாத்திரை சாப்பிடலை" என்று. 1994-ல் உலக சுகாதார நிறுவனமும் காசநோய் ஒழிப்புக்கான சர்வதேச சங்கமும் கூட்டாக அறிக்கை விட்டன: ரிஃபாம்பிசினின் பயோஅவைலபிலிட்டி மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்ட கூட்டு மாத்திரைகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஒரு தொழில்நுட்பச் சொல் இப்படி டெண்டர் நிபந்தனையாகவே ஆகிவிட்டது.

மாத்திரை சரியாக இருந்தாலும் குடல் சரியாக இருக்க வேண்டுமே? 2004-ல் சேத்துப்பட்டு மையத்தின் பிரேமா குருமூர்த்தியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரைகள் இதைப் பற்றியவை. எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு, குடல் சுவர் பழுது. அவர்களுக்கு ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிடும் கொடுத்துப் பார்த்ததில், மற்றவர்களைவிடக் குறைவாகவே ஏறியது. எந்த நோயாளிக்கு மருந்து அதிகம் தேவையோ அவருக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. தொண்ணூறுகளில் இருந்து எச்.ஐ.வி. நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வந்தது தாம்பரம் ஆஸ்பத்திரிக்குத்தான் என்பதை நினைத்தால், இது ஏதோ பத்திரிகையில் போட்டுக்கொள்ளச் செய்த ஆராய்ச்சி இல்லை என்று புரியும்.

சாப்பாட்டு விஷயமும் உண்டு. ரிஃபாம்பிசினை வெறும் வயிற்றில் போட்டால்தான் உச்சி உயரமாக வரும், சாப்பாட்டோடு போட்டால் குறையும். வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்குக் குமட்டி வாந்தி வரும், வாந்தியில் மொத்தமும் போய்விடும். ஆறு மணி ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர் என்ன செய்வார்?

இந்த இடத்தில் திரிகடுகத்தைக் கொண்டுவராமல் இருக்க முடியாது. சுக்கு, மிளகு, திப்பிலி. பதினெண்கீழ்க்கணக்கில் நல்லாதனார் தன் நூலுக்கே இந்தப் பெயரைத்தான் வைத்தார். சித்தம், ஆயுர்வேதம் இரண்டிலும் ஏராளமான மருந்துகளில் இந்த மூன்றும் கூடவே வரும். நோய் எதுவாக இருந்தாலும் இவை ஏன் ஒட்டிக்கொண்டு வருகின்றன? 1929 வாக்கிலேயே போஸ் என்ற வங்காள மருத்துவர், ஆஸ்துமாவுக்கு ஆடாதொடை இலையோடு திப்பிலி சேர்த்தால் பலன் கூடுகிறது என்று எழுதி வைத்தார். இருமலுக்கு ஆடாதொடைக் கஷாயம் வைத்த பாட்டிகளுக்கு இது செய்தியே இல்லை.

ஐம்பது வருடம் கழித்து, 1979-ல், ஜம்முவில் இருந்த மண்டல ஆராய்ச்சிக் கூடத்தில் சி.கே.அடல் தலைமையிலான குழு இதை இரத்தத்தில் அளந்து பார்க்கப் புறப்பட்டது. அவர்களின் 1981-ம் வருடக் கட்டுரையில் ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற பொருளின் இரத்த அளவு திப்பிலியோடு கொடுத்தபோது கிட்டத்தட்ட 233 சதவீதம் கூடியது என்று இருக்கிறது. வேலை செய்வது மிளகிலும் திப்பிலியிலும் இருக்கும் காரப்பொருளான பைப்பரின். 'பயோஅவைலபிலிட்டி என்ஹான்சர்', பயோஅவைலபிலிட்டியைக் கூட்டுவது, என்ற சொற்சேர்க்கை அந்த ஜம்மு கூடத்தில் பிறந்தது. முதல் சொல் மேற்கே பிறந்ததென்றால் அதன் வால் இந்தியாவில் முளைத்தது. பைப்பரின் எப்படி வேலை செய்கிறது? குடல் சுவரில் மருந்தைத் திருப்பி வெளியே தள்ளும் ஒரு புரதத்தையும், மருந்தை அழிக்கும் சில நொதிகளையும் அது தடுக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் டோல்கேட் ஊழியரைக் கொஞ்ச நேரம் டீ குடிக்க அனுப்பிவிடுகிறது.

இந்த ஆராய்ச்சி காசநோய்க்கே திரும்பி வந்தது. 2009-ன் கடைசியில் கடிலா பார்மசூட்டிகல்ஸ் கம்பெனி ரிசோரின் என்ற மருந்தைக் கொண்டுவந்தது. ரிஃபாம்பிசின் 200 மி.கி., ஐசோனியாசிட் 300 மி.கி., பைப்பரின் 10 மி.கி. வழக்கமான 450 மி.கி. ரிஃபாம்பிசின் செய்யும் வேலையை 200 மி.கி. செய்யும் என்பது கணக்கு. விலையுயர்ந்த மூலப்பொருளில் பாதிக்கு மேல் மிச்சம், அதுவும் மிளகுச் சத்தால். காமர்ஸ் கண்ணுக்கு இது அழகான விஷயம். ஆனால் அரசின் காசநோய்த் திட்டம் இதை எடுத்துக்கொள்ளவில்லை; 2017-ல் நாடு முழுக்க வந்த தினசரி நான்கு மருந்துக் கூட்டு மாத்திரையில் 150 மி.கி. ரிஃபாம்பிசின் மற்ற மூன்றோடு இருக்கிறது, பைப்பரின் இல்லை.

மிளகை வைத்து இன்னொரு பிரபலமான எண் சுற்றுகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் மிளகோடு சேர்ந்தால் 2000 சதவீதம் அதிகமாக ஏறும் என்பது. 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் இருந்து வந்த ஆய்வு, உண்மைதான். மனிதர்களுக்கு 2 கிராம் குர்குமினும் 20 மி.கி. பைப்பரினும் கொடுத்தார்கள். ஆனால் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் இருந்தது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, கூடியதும் முதல் ஒரு மணி நேரத்துக்குள்தான். பத்து ரூபாய் லாபம் பார்த்த கம்பெனி அடுத்த வருடம் இருநூற்றுப் பத்து ரூபாய் பார்த்தால் அதுவும் 2000 சதவீத வளர்ச்சிதான். அடித்தளம் சின்னதாக இருந்தால் சதவீதம் ஆட்டம் போடும். ரசத்தில் மிளகு தட்டிப் போடுவது நல்லதே, ஆனால் அதற்கு இந்த எண்ணைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். வலிப்பு மாத்திரை மாதிரி எல்லை குறுகிய மருந்து சாப்பிடுகிறவர்கள் பைப்பரின் கேப்சூலைத் தானாக வாங்கிப் போடுவது ஆபத்தும்கூட. ஃபெனிடாய்ன் அளவையும் பைப்பரின் கூட்டும் என்று இந்திய ஆய்வுகளே சொல்கின்றன. பிரிஸ்பேனில் லாக்டோஸ் செய்த வேலையை இங்கே மிளகுச் சத்து செய்துவிடும்.

இவ்வளவு ஆராய்ச்சி நடந்த நாட்டில் சட்டம் எப்போது வந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். வெளிநாட்டுக்கு அனுப்பும் மாத்திரைக்கு இரத்தப் பரிசோதனைச் சான்று வேண்டும், அந்த நாடு கேட்கும். உள்ளூரில், ஒரு மருந்து அனுமதி பெற்று நான்கு வருடம் கடந்துவிட்டால் மாநில அதிகாரியிடமே லைசென்ஸ் வாங்கிவிடலாம். அங்கே இந்தச் சான்று கட்டாயமாக இல்லை. 2017 ஏப்ரலில்தான் மத்திய அரசு விதியைத் திருத்தி, எளிதில் கரையாத வகை மருந்துகளுக்கு மாநில லைசென்ஸ் கேட்கும்போதும் சான்று கட்டாயம் என்றது. ரிஃபாம்பிசின் அந்த வகையில்தான் வருகிறது. பிரிஸ்பேன் சம்பவத்துக்கும் இதற்கும் நடுவில் நாற்பத்தொன்பது வருடம்.

சான்று இருந்தாலும் அது உண்மையானதா என்பது அடுத்த கேள்வி. 2015-ல் ஐதராபாத்தில் நடந்த சோதனைகளின் இ.சி.ஜி. பதிவுகள் நம்பத்தக்கவையாக இல்லை என்று சொல்லி, சுமார் 700 மருந்து அனுமதிகளை நிறுத்தி வைக்க ஐரோப்பிய மருந்து முகமை பரிந்துரைத்தது. அந்தச் சோதனைகளில் கையை நீட்டி இரத்தம் கொடுப்பவர்கள் ஆரோக்கியமான, பணம் தேவைப்படும் இளைஞர்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஒரு தொகை, மருந்தால் எந்தப் பயனும் இல்லை.

தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரி மருந்துகளை 1994-ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது, பேட்ச்சுகளில் இருந்து மாதிரி எடுத்து வெளி லேப்களுக்கு அனுப்பிச் சோதிக்கிறது. 2025 பிப்ரவரியில் மாநிலம் முழுக்க ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன, மத்திய அரசின் ஜன் அவுஷதி கடைகள் 2008-ல் இருந்தே இருக்கின்றன. இவற்றில் நின்று "விலை இவ்வளவு கம்மியா இருக்கே, வேலை செய்யுமா?" என்று கேட்பவரை விவரம் தெரியாதவர் என்று சிரிக்க முடியாது. லிண்டன்பாம் 1971-ல் கேட்டது அதையேதான். லேப் சோதனை பெரும்பாலும் பார்ப்பது மருந்தின் அளவையும், ஒரு கண்ணாடிக் குடுவையில் அது எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்பதையும். இரண்டுமே தேவைதான். கரையாத மாத்திரையைக் குடுவை காட்டிக்கொடுத்துவிடும், ஆனால் குடுவைக்குக் குடல் கிடையாது, கல்லீரல் கிடையாது.

விலை குறைவு என்பதாலேயே மருந்து மட்டம் என்றும் ஆகிவிடாது. பிரிஸ்பேனில் பொடியை மாற்றியதால் சிக்கலானது ஏற்கெனவே எல்லோரும் நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கேப்சூல். டிகாக்ஸினில் ஒன்றுக்கொன்று முரண்பட்ட இரண்டு பேட்ச்சுகள் ஒரே கம்பெனியுடையவை. அட்டையின் பெயரையோ விலையையோ வைத்து அன்றைக்கு எவராலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. இரத்தத்தை எடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.